2^67 − 1 பகா எண் என்கிறது என் நிரல், பிழை எங்கே?

மின்னல்கொடி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் இளநிலைக் கணிதம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். மெர்சென் எண்களைப் பற்றிய ஒரு வகுப்புக் கட்டுரைக்காக, 2^ப − 1 என்ற வடிவில் அமைந்த எண்களில் எவை பகா எண்கள் என்று கண்டறியப் பைத்தானில் பத்து வரியில் ஒரு நிரல் எழுதினேன். ஃபெர்மாவின் சிறிய தேற்றத்தையே சோதனையாக வைத்தேன். சோதிக்க வேண்டிய எண்ணை ந என்று கொண்டால், 2^(ந − 1)-ஐ ந-ஆல் வகுக்கும்போது மீதி 1 வந்தால் பகா எண், வராவிட்டால் பகு எண் என்பதுதான் நிரலின் மொத்தத் தருக்கம்.

147573952589676412927 என்ற எண்ணுக்கு, அதாவது 2^67 − 1-க்கு, மீதி 1 என்றே வருகிறது. ஆனால் அது 193707721 × 761838257287 என்று புத்தகங்கள் சொல்கின்றன. பெருக்கிப் பார்த்தேன், ஓர் இலக்கம்கூடப் பிசகவில்லை. பிறகு என் நிரல் ஏன் அதைப் பகா எண் என்கிறது? இரண்டு நாட்களாகத் தேடியும் பிழை அகப்படவில்லை.

நிரலோடை எழுதியது:

முதலில் மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். இந்த எண்ணை இரும முறையில் எழுதினால் 67 ஒன்றுகள் வரிசையாக நிற்கும். 64 பிட் அளவுள்ள மாறியில் அது அடங்காது. மேலே உள்ள மூன்று பிட்டுகள் சத்தமில்லாமல் உதிர்ந்துவிடும். சி மொழியில் எழுதிய ஏதேனும் நூலகத்தை இடையில் அழைத்திருந்தால் கோளாறு அங்கேதான் இருக்கும்.

மின்னல்கொடி எழுதியது:

இல்லை அண்ணா, வெறும் பைத்தான்தான். அதன் முழு எண்களுக்கு அப்படி வரம்பு இல்லை. 2^67-ஐ அச்சிட்டும் பார்த்துவிட்டேன், கடைசி இலக்கம் வரை சரியாக இருக்கிறது. இன்னொன்றையும் இப்போதுதான் கவனித்தேன். 2^11 − 1-க்கும் 2^23 − 1-க்கும்கூட அது பகா எண் என்றே சொல்கிறது. 2^11 − 1 என்பது 2047, அதாவது 23 × 89. ப பகா எண்ணாக இருந்தால் போதும், என் நிரல் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிடுகிறது.

சல்லடை எழுதியது:

உங்கள் கடைசி வரியிலேயே விடை இருக்கிறது. நிரலில் பிழை இல்லை. சோதனைக்கு நீங்கள் தேர்ந்தெடுத்த 2 என்ற அடிமானத்தில்தான் (அடுக்கேற்றப்படும் எண்ணில்தான்) இருக்கிறது.

ந = 2^67 − 1 என்று எழுதும்போதே, 2^67-ஐ ந-ஆல் வகுத்தால் மீதி 1 என்று சொல்லிவிட்டோம்; அது கணக்கிட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தியே அல்ல. எனவே 67-இன் எந்த மடங்கை அடுக்காக வைத்தாலும் மீதி 1-தான். இப்போது ந − 1-ஐப் பாருங்கள். அது 2^67 − 2, அதாவது 2 × (2^66 − 1). 67 பகா எண் என்பதால் அதே ஃபெர்மா தேற்றத்தின்படி 2^66 − 1 என்பது 67-ஆல் மீதியின்றி வகுபடும். ஆகவே ந − 1 என்பது 67-இன் மடங்கு. 2^(ந − 1) தரும் மீதியும் 1. இந்த வாதத்தில் ந பகா எண்ணா என்ற கேள்வி எந்த இடத்திலும் எழவில்லை என்பதைக் கவனியுங்கள். 67 பகா எண் என்பது மட்டுமே பயன்பட்டிருக்கிறது. குற்றம் சாட்டப்பட்டவர் வீட்டிலிருந்தே சாட்சியை அழைத்து வந்தது போலத்தான் இது. அந்தச் சாட்சி வேறு என்ன சொல்லும்?

இப்படிப் பகு எண்ணாக இருந்துகொண்டே சோதனையில் தேறிவிடும் எண்ணைப் போலிப் பகா எண் என்பார்கள். மெர்சென் வடிவில் உள்ள பகு எண்களில் அடுக்கு பகா எண்ணாக இருப்பவை அனைத்தும் 2-ஐ அடிமானமாகக் கொண்ட போலிப் பகா எண்களே.

நிரலோடை எழுதியது:

என் ஊகம் தவறு, ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் பகா எண்ணைச் சோதிக்கும் இன்னொரு முறையான மில்லர்–ராபின் சோதனையை வைத்தால் இது பிடிபடுமா? அது ஃபெர்மா சோதனையை விடக் கறாரானது.

சல்லடை எழுதியது:

2-ஐயே அடிமானமாக வைத்தால் அதிலும் பிடிபடாது. மில்லர்–ராபினில் ந − 1-இலிருந்து 2-இன் அடுக்குகளை எல்லாம் வெளியே எடுத்துவிட்டு, எஞ்சிய ஒற்றை எண்ணிலிருந்து தொடங்குவோம். இங்கே ஒரே ஒரு 2-தான் வெளியே வரும். எஞ்சுவது 2^66 − 1. அதுவே 67-இன் மடங்கு என்பதால் முதல் படியிலேயே மீதி 1 வந்து, எண் தேறிவிடும். அடிமானத்தை மாற்றாமல் சோதனையை மட்டும் கடுமையாக்கிப் பயனில்லை.

பழைய ஆசிரியர் எழுதியது:

மாணவி பெருக்கிப் பார்த்ததாக எழுதியிருப்பது மகிழ்ச்சி. ஆனால் இருபத்தோர் இலக்கப் பெருக்கலைச் செய்யாமலேயே, இரட்டிக்கவும் கழிக்கவும் மட்டும் தெரிந்த ஒருவர் 193707721 இந்த எண்ணின் காரணிதான் என்று ஒரு தாளில் உறுதிசெய்துவிட முடியும். பணி ஓய்வுக்குப் பிறகு ஒரு பிற்பகலில் நான் அதைச் செய்து பார்த்தேன்.

வழி இதுதான். 2-இன் அடுக்குகளை ஒன்றன்பின் ஒன்றாக எழுதிக்கொண்டே போங்கள். எழுதும் எண் 193707721-ஐத் தாண்டும்போதெல்லாம் அதைக் கழித்துவிடுங்கள். 27-ஆம் அடுக்கு 134217728. இதுவரை கழிக்க எதுவும் இல்லை. 28-ஆம் அடுக்கு 268435456, கழித்தால் 74727735. 29-ஆவது 149455470. 30-ஆவது 298910940, கழித்தால் 105203219. இப்படியே போனால் 60-ஆம் அடுக்கில் 10593391 வரும். அதன் பிறகு நான்கு முறை இரட்டித்தால் 64-இல் 169494256. 65-இல் 145280791. 66-இல் 96853861. அதை இரட்டித்தால் 193707722, கழித்தால் 1. 67-ஆம் அடுக்கின் மீதி 1 என்றால் 2^67 − 1-ஐ அந்த எண் மீதியின்றி வகுக்கிறது என்று பொருள், வேலை முடிந்தது. 27-க்குப் பிறகு நாற்பது இரட்டிப்புகள், பதினாறு கழித்தல்கள்.

முதல் முறை எனக்கு 1 வரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பிழையைத் தேட, ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் அதை ஒன்பதால் வகுத்த மீதியை எழுதிக்கொண்டே வந்தேன். 193707721-இன் இலக்கங்களைக் கூட்டினால் 37, ஒன்பதால் வகுக்க மீதி 1. ஆகவே இரட்டிக்கும்போது பக்கத்து எண்ணும் இரட்டிக்க வேண்டும். கழிக்கும்போது அது ஒன்று குறைய வேண்டும். 51-ஆம் அடுக்கில் 245560360-இலிருந்து கழித்து 51852639 என்று எழுத வேண்டிய இடத்தில், கடன் வாங்கியதை மறந்து 51862639 என்று எழுதியிருந்தேன். 3 இருக்க வேண்டிய இடத்தில் 4 நின்று என்னைக் காட்டிக்கொடுத்தது.

சதுரங்கப் பலகையில் முதல் கட்டத்துக்கு ஒரு தானியம், அடுத்ததற்கு இரண்டு என்று இரட்டித்துப் போகும் கதை எல்லோருக்கும் தெரியும். 64 கட்டங்களுக்குப் பதில் பலகையில் 67 கட்டங்கள் இருந்திருந்தால், மொத்தத் தானியங்களின் எண்ணிக்கைதான் நாம் பேசிக்கொண்டிருக்கும் இந்த எண். வகுப்பில் இப்படிச் சொன்னால் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

மின்னல்கொடி எழுதியது:

ஐயா, நீங்கள் சொன்னபடியே எழுதிப் பார்த்தேன், 1 வந்துவிட்டது. ஆனால் சரிபார்ப்பது இவ்வளவு எளிது என்றால், கண்டுபிடிப்பதும் எளிதாகத்தானே இருந்திருக்க வேண்டும்? காரணி தெரிவதற்கு முன்பே அது பகு எண் என்று நிறுவிவிட்டார்கள் என்றும் படித்தேன். காரணியே கையில் இல்லாமல் அதை எப்படி நிறுவ முடிந்தது?

ஏடுபுரட்டி எழுதியது:

முதலில் வரலாற்றை வரிசைப்படுத்திக்கொள்வோம். மாரின் மெர்சென் என்ற பிரெஞ்சுத் துறவி 1644-இல் வெளியிட்ட நூலில், 257 வரையிலான ப மதிப்புகளில் 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257 ஆகியவற்றுக்கு மட்டுமே 2^ப − 1 பகா எண் என்று அறிவித்தார். அந்தப் பட்டியலில் 67-உம் 257-உம் தவறு. 61, 89, 107 ஆகிய மூன்றும் விடுபட்டவை. 61-க்குப் பதில் 67 என்று கைதவறி எழுதப்பட்டிருக்கலாம் என்று பின்னாளில் சிலர் ஊகித்தார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. பட்டியலில் உள்ள எண்கள் 2-இன் அடுக்குகளை ஒட்டியே நிற்கின்றன: 127 என்பது 128 − 1, 257 என்பது 256 + 1, 19 என்பது 16 + 3, 67 என்பது 64 + 3. ஏதோ ஓர் ஒழுங்கை நம்பி அவர் எழுதியிருக்க வேண்டும் என்பதே என் எண்ணம். ஆனால் அதே ஒழுங்கின்படி 64 − 3 ஆகிய 61-உம் உள்ளே வந்திருக்க வேண்டுமே என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

இருநூறு ஆண்டுகளுக்கு மேல் அந்தப் பட்டியலை யாராலும் முழுமையாகச் சோதிக்க முடியவில்லை. 2^31 − 1 பகா எண் என்று 1772-இல் ஆய்லர் காட்டினார். 1876-இல் எடுவார் லூக்கா என்ற பிரெஞ்சுக் கணிதர் 2^127 − 1 பகா எண் என்றும், 2^67 − 1 பகு எண் என்றும் காட்டினார். இரண்டாவதற்கு அவர் காரணி எதையும் தரவில்லை. காரணிகள் 1903-இல்தான் வந்தன; தந்தவர் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபிராங்க் நெல்சன் கோல்.

சல்லடை எழுதியது:

காரணி இல்லாமல் எப்படி என்பதைச் சிறிய எண்ணில் காட்டுவதே நல்லது. லூக்காவின் கருத்தை 1930 வாக்கில் அமெரிக்கக் கணிதர் லேமர் செம்மைப்படுத்திய வடிவம் இது. 4-இலிருந்து தொடங்குங்கள், ஒவ்வொரு முறையும் வர்க்கம் எடுத்து 2-ஐக் கழித்து, ந-ஆல் வகுத்த மீதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ப − 2 படிகளுக்குப் பிறகு 0 வந்தால் பகா எண். 0 வராவிட்டால் பகு எண். இதில் ஐயத்துக்கு இடமே இல்லை, இரு திசையிலும் நிறுவப்பட்ட தேற்றம்.

31-க்கு, அதாவது ப = 5-க்கு, 4, 14, 8, பிறகு 62; அதை 31-ஆல் வகுக்க 0. மூன்றே படிகள். 2047-க்கு 4, 14, 194, 788, 701, 119, 1877, 240, 282, 1736. ஒன்பதாவது படியில் 0 வரவில்லை, ஆகவே 2047 பகு எண். இந்த வரிசையை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் 23-உம் 89-உம் எங்கும் தென்படமாட்டா. 1736 என்ற எண் ‘இது பகா எண் அல்ல’ என்று மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்கிறது. 2^67 − 1-க்கு இதுபோல 65 படிகள். ஒவ்வொன்றிலும் 21 இலக்க எண்ணின் வர்க்கம். கையால் செய்வது கடினம், ஆனாலும் ஒரு மனிதரால் முடியக்கூடிய வேலை.

காரணியைத் தேடுவது வேறு வகையான வேலை. ஆனால் குருட்டாம்போக்கில் தேட வேண்டியதில்லை. ஒரு பகா எண் 2^67 − 1-ஐ வகுத்தால், அதன் அளவில் 2-இன் வரிசை 67, அதாவது 2-இன் அடுக்குகளை அதனால் வகுக்கும்போது மீதி 1 முதன்முதலில் வருவது 67-ஆம் அடுக்கில். எனவே அந்தப் பகா எண்ணிலிருந்து 1-ஐக் கழித்தால் வருவது 67-ஆல் வகுபடும். அது இரட்டை எண்ணும்கூட என்பதால் காரணி 134க + 1 என்ற வடிவில்தான் இருக்க முடியும். மேலும், 2^68 தரும் மீதி 2. அது 2^34-இன் வர்க்கம். ஆகவே 2 ஓர் இருபடி எச்சம் (ஒரு வர்க்க எண்ணின் மீதி), காரணியை 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7-தான் வரும். சிறிய காரணிக்கு க = 1445580, எட்டால் வகுத்த மீதி 1. பெரிய காரணிக்கு க = 5685360129, எட்டால் வகுத்த மீதி 7. இரண்டும் விதிக்கு அடங்குகின்றன.

பழைய ஆசிரியர் எழுதியது:

கோல் அவர்களின் கதையை இங்கே யாரும் சொல்லவில்லையே. 1903 அக்டோபரில் நியூயார்க்கில் அமெரிக்கக் கணிதக் கழகத்தின் கூட்டம். பேச அழைக்கப்பட்டவர் கரும்பலகைக்குச் சென்று, ஒரு சொல்லும் பேசாமல் 2^67-ஐக் கணக்கிட்டு 1-ஐக் கழித்தார், பலகையின் மறுபக்கத்தில் இரண்டு காரணிகளையும் எழுதி நெடும்பெருக்கலாகப் பெருக்கினார், இரண்டு விடைகளும் ஒன்றாக நின்றன, சுண்ணக்கட்டியை வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தார், அரங்கம் கைதட்டியது. எவ்வளவு காலம் ஆயிற்று என்று பின்னொரு நாள் கேட்டதற்கு, மூன்று ஆண்டுகளின் ஞாயிற்றுக்கிழமைகள் என்றாராம். பல ஆண்டுகள் இதை வகுப்பில் சொல்லியிருக்கிறேன்.

ஏடுபுரட்டி எழுதியது:

ஆசிரியர் ஐயா மன்னிக்க வேண்டும், எனக்கும் பிடித்த கதைதான். ஆனால் இதைப் பரப்பியவர் கணிதர்களின் கதைகளை நூல்களாக எழுதிய எரிக் டெம்பிள் பெல். அவர் இதை அச்சிட்டது நிகழ்ச்சிக்கு ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு. 1903-இல் அவர் கலிஃபோர்னியாவில், ஸ்டான்ஃபோர்டில் மாணவராக இருந்தார். நியூயார்க் அரங்கில் அவர் உட்கார்ந்திருக்க வாய்ப்பில்லை. கதையை மெருகேற்றிச் சொல்வதில் பெயர் பெற்றவர் என்பதும் அவருடைய வாசகர்களுக்குத் தெரியும். கோல் அந்தக் கூட்டத்தில் காரணிகளை அளித்ததும், அது கழகத்தின் இதழில் கட்டுரையாக வந்ததும் உறுதியானவை. ஒரு சொல்லும் பேசவில்லை என்பதை நான் அடைப்புக்குறிக்குள் வைத்துக்கொள்கிறேன்.

பழைய ஆசிரியர் எழுதியது:

ஞாயிற்றுக்கிழமைகளையும் அடைப்புக்குறிக்குள் வைத்துவிடுவீர்களா? பெல் பின்னாளில் கொலம்பியாவில் படித்தவர். கோலை நேரில் அறிந்தவர். அந்த ஒரு வரியை அவர் காதால் கேட்டிருக்க முடியும்.

சல்லடை எழுதியது:

அந்த ஒரு வரியைக் கணக்கால் உரசிப் பார்க்கலாம். கோல் 134க + 1 வடிவ எண்களை ஒவ்வொன்றாக வகுத்துப் பார்த்தார் என்று வைத்துக்கொள்வோம். எட்டால் வகுத்த மீதி பற்றிய விதியின்படி, க-வை நான்கால் வகுக்கும்போது மீதி 0 அல்லது 1 வர வேண்டும். எனவே சிறிய காரணியை எட்டும் வரை 722790 எண்கள். 3, 5, 7 ஆகியவற்றின் மடங்குகளை நீக்கினால் ஏறத்தாழ 330000 எஞ்சும். மூன்று ஆண்டுகளில் சுமார் 156 ஞாயிறுகள். ஒரு ஞாயிற்றுக்கு 2100-க்கு மேல். பகா எண்களை மட்டும் எடுத்துக்கொண்டால் மொத்தம் 81000 அளவில் வரும். அப்போதும் ஒரு ஞாயிற்றுக்கு 520, பத்து மணி நேரம் உட்கார்ந்தால் நிமிடத்துக்கு ஒன்றுக்குச் சற்றுக் குறைவு. ஆசிரியர் ஒரே ஒரு காரணியைச் சரிபார்க்க ஒரு பிற்பகல் எடுத்துக்கொண்டதை நினைவில் கொள்ளுங்கள். அதற்கும் மேலே, பத்தொன்பது கோடி வரையிலான பகா எண் அட்டவணைக்கு அவர் எங்கே போவார்?

ஆகவே அவர் அப்படிச் செய்யவில்லை. இந்த எண்ணுக்குரிய இருபடி எச்சங்களைத் திரட்டி, காரணி எந்தெந்த மீதி வகுப்புகளில் விழவே முடியாது என்று சலித்துச் சலித்துத் தேடும் பரப்பைச் சுருக்கினார். அந்த முறைக்கு மூன்று ஆண்டுகளின் ஞாயிறுகள் என்பது நம்பத்தக்க அளவு. நேரடி வகுத்தலுக்கு அது நடவாத காரியம். சரிபார்ப்பதும் கண்டுபிடிப்பதும் ஏன் வேறு வேறு என்று மின்னல்கொடி கேட்டதற்கும் இதுவே பதில்: ஆசிரியரின் நாற்பது வரிகள் ஒரே ஒரு எண்ணுக்கு, எந்த எண்ணுக்கு என்று தெரியாதவருக்கு அந்த நாற்பது வரிகளை 81000 முறை எழுத வேண்டியிருக்கும்.

நிரலோடை எழுதியது:

இதற்கிடையில் நான் காரணி காண்பதற்கு 1974-இல் பொல்லார்டு வெளியிட்ட முறையை நிரலாக எழுதிப் பார்த்தேன். ஓர் எல்லையை வைத்துக்கொண்டு, அதுவரையுள்ள எண்கள் அனைத்தின் மீ.பொ.ம-வை அடுக்காக எடுத்து, அடிமானத்தை அந்த அடுக்குக்கு உயர்த்தி 1-ஐக் கழித்து, அதற்கும் ந-வுக்கும் மீ.பொ.வ. காண வேண்டும். எல்லை 10000, அடிமானம் 2. விடையாக ந-வே திரும்பி வந்தது. அடிமானத்தை 3 ஆக்கினேன். அப்போதும் ந-வே வந்தது. இம்முறை 2-இன் மேல் பழி போட முடியவில்லை.

சல்லடை எழுதியது:

இரண்டும் வெவ்வேறு காரணங்கள். அடிமானம் 2 என்றால் பழைய கதைதான்: இரண்டு காரணிகளின் அளவிலும் 2-இன் வரிசை 67, எனவே அடுக்கில் 67 நுழைந்த அந்தக் கணமே இரண்டும் சேர்ந்தே வந்து விழும். அடிமானம் 3-க்கு, காரணிகளிலிருந்து ஒன்றைக் கழித்துப் பகுத்துப் பாருங்கள். 193707720 = 2^3 × 3^3 × 5 × 67 × 2677. 761838257286 = 2 × 3^2 × 29 × 67 × 2551 × 8539. இரண்டும் வியக்கத்தக்க அளவுக்குச் சிறு துண்டுகளாக உடைகின்றன. உங்கள் எல்லை 10000 என்பதால் இரண்டையும் ஒரே வாரலில் அள்ளிவிட்டீர்கள். எல்லையை 2677-க்கும் 8539-க்கும் இடையில் வையுங்கள். 3-இன் வரிசையில் 8539 இடம்பெறாமல் போக 8539-இல் ஒரு பங்கு வாய்ப்புதான்.

நிரலோடை எழுதியது:

எல்லை 3000, அடிமானம் 3. கண் இமைப்பதற்குள் 193707721 வந்தது.

பழைய ஆசிரியர் எழுதியது:

கோல் மூன்று ஆண்டு உட்கார்ந்தார், நீங்கள் கண் இமைத்தீர்கள். நல்லது. கட்டுரையில் ஓர் ஓரத்தில் சேர்க்க மாணவிக்கு ஒரு கூடுதல் செய்தி: மெர்சென் சொன்னது சரியாக இருந்திருந்தால் 2^66 × (2^67 − 1) ஒரு செவ்விய எண்ணாக இருந்திருக்கும், அதாவது தன்னைத் தவிர்த்த வகுத்திகளின் கூடுதல் தனக்கே சமம். பகு எண் என்பதால் அந்தக் கூடுதல் மிஞ்சுகிறது; மிஞ்சும் அளவு, ந-வை இரு காரணிகளின் கூட்டுத்தொகையான 762031965008-ஆல் பெருக்கினால் வருவது. நிறுவல் இரண்டு வரிதான், அவரே எழுதட்டும்.

மின்னல்கொடி எழுதியது:

எழுதிவிட்டேன் ஐயா, மிஞ்சும் அளவு நீங்கள் சொன்னதேதான். அனைவருக்கும் நன்றி. ஃபெர்மா சோதனையை எடுத்துவிட்டு லூக்கா–லேமர் சோதனையை வைத்தேன். 130-க்குக் கீழே உள்ள பகா எண்களுக்கு ஓட்டியதில் 3, 5, 7, 13, 17, 19, 31, 61, 89, 107, 127 வந்தன. 67 இல்லை, விடுபட்ட மூன்றும் இருக்கின்றன. ஆனால் 2 வரவில்லையே? 2^2 − 1 என்பது 3. அது பகா எண்தானே. மறுபடியும் 2-தானா?

சல்லடை எழுதியது:

மறுபடியும் 2-தான். அந்தத் தேற்றம் ப ஒற்றைப் பகா எண்ணாக இருந்தால் மட்டுமே பொருந்தும். ப = 2 என்றால் படிகளே இல்லை; தொடக்கத்தில் உள்ள 4-ஐ 3-ஆல் வகுத்த மீதி 1 அப்படியே நிற்கும், நிரல் பகு எண் என்றுவிடும். சுழற்சிக்கு முன்னால் 2-க்குத் தனியாக ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.